பூட்டிய வீட்டில் வாழப் பழகுதல்

(ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்வு என்று ஒரு கூட்டம் வைத்தால் நாங்கள் என்ன பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை. புறப்படுமுன் காத்துக் கிடந்த கொழும்பு லொட்ஜ். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டிய காசு. 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த தமிழ் அகதிகள் 155 பேர்; அவர்களை மீட்ட மீனவர் கஸ் டால்டன். இவை பேசவேண்டியவை, வருடாவருடம் பேசுகிறோம். ஆனால் அந்த 155 பேரில் பெரும்பாலோர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்களே, அவர்கள் முதல் வாரம் சோறு காய்ச்சப் பானை எங்கே வாங்கினார்கள்? சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திருகினால் அறை சூடாகும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மேடையில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

நான் இன்று எடுத்துக்கொண்டது அதைத்தான். கடல் தாண்டி, அகதி வழக்கு முடிந்து, வேலையும் கிடைத்து, அதற்குப் பிறகு வருகிற ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. விடிய எழும்புகிறீர்கள், தேத்தண்ணி வைக்கிறீர்கள், பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டுகிறீர்கள், பின்னேரம் வந்து சமைக்கிறீர்கள். ஒரு நாட்டில் குடியேறுவது என்பது பெரும்பாலும் இந்தச் செவ்வாய்க்கிழமைகளைச் சமாளிக்கிற வேலைதான்.

அதில் எங்களுக்கு வந்த கரைச்சல்களை நாங்கள் வழக்கமாகப் பண்பாட்டின் தலையில் கட்டிவிடுகிறோம். நான் அதை முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். பாதிக்கு மேல் கட்டடத்தால் வந்தது. திறந்த வீட்டில் வளர்ந்த நாங்கள் பூட்டிய வீட்டில் குடிபுகுந்தோம். அந்த வீடு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

யாழ்ப்பாணத்து ஊர் வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் விறாந்தை. குசினி பின்பக்கம், பல வீடுகளில் அது தனிக் கொட்டில். விறகடுப்பின் புகை ஓட்டு இடுக்கால் போகும். குளிப்பு கிணற்றடியில். விடிந்ததும் திறந்த யன்னலை இருட்டும்வரை சாத்துவதில்லை. ஈரம், புகை, மணம், சத்தம் எல்லாம் தன்பாட்டில் வெளியே போய்விடும். அதற்கென்று யாரும் ஒரு விரல் அசைத்ததில்லை.

இங்கே சுவர் என்பது மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவில் பஞ்சு, பஞ்சுக்கு உள்பக்கம் பிளாஸ்ரிக் தாள், அதற்கு மேல் ட்றைவோல், பிறகு பெயின்ற். வெப்பம் வெளியே போகக்கூடாது என்பதற்காகவே கட்டிய வீடு. வெப்பம் போகமுடியாத இடத்தால் வேறொன்றும் இலேசில் போகாது. நாலைந்து பேர் இருக்கும் குடும்பம் மூச்சு விடுவது, சோறு காய்ச்சுவது, குளிப்பது, உடுப்பைக் கதிரையில் விரித்துக் காயவிடுவது எல்லாமாகச் சேர்ந்து நாளொன்றுக்குப் ஏறக்குறைய பத்து லீற்றர் தண்ணீரை வீட்டுக் காற்றில் கலக்கிறது. ஊரில் அது முற்றத்து வேம்போடு போயிற்று. இங்கே ஜனவரியில் யன்னல் கண்ணாடியில் வியர்த்து, கீழ்ச்சட்டத்தில் தேங்கி, மார்ச் மாதம் அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணமாகத் தெரியும். அதைத் துடைத்துப் பெயின்ற் அடித்தால் அடுத்த மார்ச்சில் திரும்பி வரும். ஈரம் வெளியே போக வழி இல்லாதவரை பெயின்றால் பயனில்லை.

ஆனால் இதே குளிர்காலத்தில் நேர்மாறான வீடும் உண்டு. ரொறன்ரோ நகரின் சென். ஜேம்ஸ்ரவுன் போன்ற இடங்களில் அறுபதுகளில் எழுந்த உயரமான கட்டடங்கள் இருக்கின்றனவே, எண்பதுகளின் கடைசியில் எங்கள் பொடியன்கள் ஓர் அறையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்த இடம், அங்கே ஹீற்றர் எந்நேரமும் கொதிக்கும், காற்று வறண்டு போகும். விடிய மூக்கால் இரத்தம் வரும். கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். ஒரு வீட்டில் ஈரத்தைக் குறைக்கவேண்டும், இன்னொரு வீட்டில் கூட்டவேண்டும். எது உங்கள் வீடு என்று எப்படித் தெரியும்? வன்பொருள் கடையில் ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி விற்கிறது, விலையும் பெரிதில்லை. குளிர்காலத்தில் 30 முதல் 50 வீதத்துக்குள் காட்டினால் நல்லது. உங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்கள் முதல் மாதத்தில் கவனிக்கும் ஒன்று, தேங்காயெண்ணெய்ப் போத்தல். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். ரொறன்ரோவில் வாடகை வீட்டுக்குக் குளிர்மாதங்களில் வீட்டுக்காரர் கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த வெப்பம் 21 பாகை. ஆகவே சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிற வீட்டிலும் எண்ணெய் கல்லாகத்தான் இருக்கும். "எண்ணெய் உறைஞ்சு போச்சு, சூடு காணாது" என்று முறைப்பாடு சொல்லப் போகாதீர்கள். வெப்பமானியைப் பாருங்கள். அதில் 19 காட்டினால் தாராளமாகச் சொல்லலாம்.

இனிக் குசினி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அடுப்புக்கு மேலே எக்ஸ்ஹோஸ்ற் என்று ஒன்று பொருத்தியிருக்கும். அது இரண்டு வகை. ஒன்று குழாய் வழியாகக் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும். மற்றது ஒரு கரித்தட்டுக்குள்ளால் இழுத்துத் திரும்ப உங்கள் முகத்துக்கே ஊதும். பழைய அப்பாட்மென்றுகளில் இரண்டாவதுதான் அதிகம். சத்தம் இரண்டிலும் ஒன்றுதான், அதனால் ஏமாந்துவிடுவோம். மேலே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். தகரக் குழாய் ஒன்று மேலேறிப் போனால் முதலாவது வகை. பிறகு ஒரு மெல்லிய டிசு தாளை அடியில் பிடியுங்கள். தாள் ஒட்டி நின்றால் இழுக்கிறது. விழுந்தால், வலைத்தட்டைக் கழற்றிச் சுடுதண்ணியும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் விட்டு ஊறவையுங்கள். எங்கள் வீட்டு வலைத்தட்டில் மாதம் முழுக்கச் செய்த தாளிதமும் மீன் பொரியலும் மெழுகாகப் படிந்திருக்கும். வந்த நாளிலிருந்து அதைக் கழற்றலாம் என்றே தெரியாத வீடுகள் உண்டு.

மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஜக்கெற் மணக்கிறது என்று கேலிக்குள்ளாகி வந்து, இனி வீட்டில் கறி வைக்கவேண்டாம் என்று அழுத கதை இந்த மண்டபத்திலேயே பல பேருக்கு இருக்கும். நான் சமையலைக் குறைக்கச் சொல்லவில்லை. கறி வைக்காத தமிழ் வீடு எதற்கு? குளிர் ஜக்கெற் தடித்த துணி, மணத்தைக் குடிக்கும். அதைக் குசினிக் கதிரையில் தொங்கவிடாமல் வாசல் அலுமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள். தாளிக்கத் தொடங்குமுன்னே எக்ஸ்ஹோஸ்றைப் போடுங்கள், இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். மிளகாய்த்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வறுத்து அரைத்துத் தருகிற மில் ஸ்காபரோவில் இருக்கிறது. எங்கள் உணவுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அதேநேரம் பக்கத்து வீட்டுக் கதவு இடுக்கால் எங்கள் கருவாட்டு மணம் போகாமல் பார்ப்பது அயலுக்குச் செய்யும் மரியாதை. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம்.

பொங்கல் நாளை எடுங்கள். ஊரில் முற்றத்தில் கோலம் போட்டு, பால் பொங்கி வழியும்போது வெடி கொளுத்துவோம். இங்கே ஜனவரி நடுவில், வெளியே கழித்தல் 15இல், மின்னடுப்பில் பானை. பால் பொங்கிச் சுடுகிற கம்பிச் சுருளில் வழிந்ததும் எரிந்து புகைக்கும், உடனே அலாரம் அடிக்கும். வெடிக்குப் பதில் இதுதான் என்று ஒரு நண்பர் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் செய்கிற வேலை நகைச்சுவைக்குரியதல்ல. கதிரை போட்டு ஏறி, பற்றறியைக் கழற்றி, மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். அந்தப் பற்றறி அடுத்த பொங்கல்வரை லாச்சிக்குள் கிடக்கும்.

ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கை அறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைச் செயலிழக்கச் செய்வது குற்றம், தண்டப்பணமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், மரவீடு எரிகிற வேகம் கல்வீட்டில் வளர்ந்த எங்களுக்குத் தெரியாது. அலாரம் ஓயாமல் அடிக்கிறது என்றால் ஒளியால் புகையை உணரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சமையல் புகைக்கு அது அவ்வளவு பதறாது. பல அலாரங்களில் கொஞ்ச நேரம் அமைதியாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. தும்புத்தடியின் நுனியால் அமர்த்தினால் போதும். கூடவே ஒன்று: குளிரில் மின்சாரம் நின்றால் கரி அடுப்பையோ வெளியில் பாவிக்கும் காஸ் அடுப்பையோ ஒருபோதும் உள்ளே கொண்டுவராதீர்கள், கராஜுக்குள்ளும் வேண்டாம். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. பூட்டிய வீட்டில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

ஊரிலிருந்து கிறைண்டர் காவி வந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை: பிழை இயந்திரத்தில் இல்லை. அங்கே 230 வோல்ற், இங்கே 120. செருகினால் முனகும், மா அரையாது. ட்ரான்ஸ்போமர் வாங்கி வைத்துப் போராடுவதிலும் இங்கத்தைய வோல்ற்றுக்குச் செய்த கிறைண்டரைத் தமிழ்க்கடையில் வாங்குவது மேல்.

அரைத்த தோசைமா புளிக்கவேண்டுமே. ஊரில் இரவு மூடி வைத்தால் விடியப் பொங்கி நிற்கும். இங்கே 21 பாகை வீட்டில் அடுத்த நாள் மத்தியானமும் மா அசையாது. எங்கள் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், எந்தக் குடியேற்ற அலுவலகமும் சொல்லித் தராத வழி. அவணைச் சூடாக்காமல் அதன் உள்லைற்றை மட்டும் போட்டு, மாச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவது. அந்த ஒரு பல்ப்பின் சூடு சின்ன அறைக்குள் அடங்கி, யாழ்ப்பாணத்து இரவைப் போல ஒரு வெப்பம் வந்துவிடும். விடிய மா பொங்கியிருக்கும். சட்டி நிரம்ப வார்க்கக்கூடாது, வழிந்தால் அவண் கழுவுவது பெரும்பாடு. அவண் குமிழில் "உள்ளே மா" என்று ஒரு துண்டும் ஒட்டவேண்டும்; இல்லாவிட்டால் விடிய எழும்பி பீட்சா சூடாக்க வரும் பிள்ளை 400 பரனைட்டில் திருகிவிடும். இன்னொரு விஷயம், புதிய அவண்களில் எல்ஈடி பல்ப் வருகிறது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பாத்திரம் சுடுதண்ணியைப் பக்கத்தில் வைக்கவேண்டியதுதான்.

இடியப்பத்தையும் புட்டையும் கடையில் எண்ணி வாங்குவது சோம்பல் என்று சில பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். கணவனுக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை, இருவரும் வாசற்படியில் சந்தித்துத் திறப்பை மாற்றிக்கொள்கிற வீட்டில் யார் மா அவித்து, அரித்து, உரலில் பிழிவது? ஐம்பது இடியப்பம், சம்பல், சொதி என்று வாங்கி ஒன்றாக இருந்து சாப்பிடுகிற குடும்பம் நன்றாகத்தான் இருக்கிறது.

குசினியை விட்டுக் கீழே இறங்குவோம். பேஸ்மென்றுக்கு.

இந்த நகரத்தில் தமிழர் வாழ்க்கையின் பாதி பேஸ்மென்றில் நடந்தது. புதிதாக வந்தவருக்கு முதல் வீடு அது. மேலே வீடு வாங்கிய தமிழருக்கு மோட்கேஜ் கட்ட உதவிய வாடகையும் அது. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள். அதனால்தான் சிக்கல் பெருகிற்று என்பது என் எண்ணம். வெளியாரிடம் வாடகைக்குப் போனால் கடதாசி இருக்கும். எங்கள் ஆட்களிடம் போனால் உறவுமுறை இருக்கும்; கடதாசி இராது. அண்ணை, அக்கா, தம்பி. உறவுமுறை வந்துவிட்டால் பிறகு எதையும் கேட்கமுடியாது.

வீட்டுக்கு ஒரே ஹீற்றிங். அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற் மேல்மாடியில். வெப்பக் காற்று மேலேறும், குளிர் கீழே தங்கும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு ஜனவரி இரவில் நடக்கும் உரையாடலைக் கேளுங்கள்.

"அண்ணை, கீழ கொஞ்சம் குளிருது."

"அப்பிடியோ தம்பி? மேல எங்களுக்கு வேர்க்குது."

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். அண்ணை மேலே சேட்டோடு இருக்கிறார், தம்பி கீழே இரண்டு சுவெற்றரோடு இருக்கிறான். அதற்கு மேல் தம்பி பேசமாட்டான், ஏனென்றால் அண்ணைதான் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிவந்தவர். அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு தனி ஹீற்றர் வாங்குவான். அது 1500 வாற். பேஸ்மென்றில் பெரும்பாலும் பல செருகிகள் ஒரே 15 அம்பியர் இணைப்பில் ஓடும். 120 வோல்ற்றில் அது தாங்கக்கூடிய உச்சம் 1800 வாற். ஹீற்றர் ஓடும்போது யாராவது கேற்றிலில் தண்ணி வைத்தால் எல்லாம் இருட்டு. பிரேக்கர் பெட்டி அண்ணை பூட்டி வைத்திருக்கும் அறைக்குள். மாதக் கடைசியில் மின்சாரக் கட்டணம் கூட. அண்ணை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். இப்படி மனம் முறிந்த உறவுகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் கெட்டவரில்லை. சில வெப்பக் குழாய் வாய்களை மேலே கொஞ்சம் சாத்தி, கீழே முழுக்கத் திறந்து, தெர்மோஸ்ராற்றை இரண்டு பாகை கூட்டினாலே அரைவாசி தீர்ந்திருக்கும்.

ஆகவே கடதாசி வேண்டும். 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு ஒன்ராறியோவில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு அரசின் பொது ஒப்பந்தப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில் கேட்டால் வீட்டுக்காரர் தரவேண்டும். ஒப்பந்தமே எழுதாமல் வாய்ச்சொல்லில் குடியிருந்தாலும் வாடகைச் சட்டம் உங்களுக்குச் செல்லும். முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டும் வாங்கலாம். சேதத்துக்கென்று வேறு வைப்புப்பணம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. காசாகக் கொடுத்தால் ரசீது கேட்கலாம். அவசரம் இல்லாதபோது, திருத்த வேலைக்கோ வீட்டைப் பார்வையிடவோ வீட்டுக்காரர் உள்ளே வருவதென்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். மீன்கறி கொண்டுவந்தாலும் கதவைத் தட்டவேண்டும்; தன் திறப்பால் திறந்து வரக்கூடாது. ஆனால் ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்துடன் பங்குபோட்டு இருந்தால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அறை வாடகைக்குப் போகிற மாணவர்கள் இதைத் தெரியாமல்தான் மாட்டுப்படுகிறார்கள்.

மேலே இருக்கும் அண்ணைமாருக்கும் சொல்கிறேன், கடதாசி உங்களுக்கு எதிரானதல்ல. யார் பனி வழிப்பது, யார் குப்பைப் பெட்டி வைப்பது, லோண்டரி எந்த நாள் என்பதை எழுதிவைத்தால் உறவு கெடாது. எழுதாமல் விட்டுக் கெட்ட உறவுகள்தான் கோயில் திருவிழாவில் ஒருவரையொருவர் காணாததுபோல் போகின்றன.

குப்பை என்றதும் ஞாபகம். மீன் வெட்டிய தலையையும் செதிலையும் ஓகஸ்ட் மாதத்தில் உணவுக் கழிவுக்கான பச்சைப் பெட்டிக்குள் போட்டு வாசலில் வைத்தால் இரவு ரக்கூன் வந்து தெரு முழுக்கப் பரப்பிவிட்டுப் போகும். பையில் கட்டிப் பிறீசரில் வையுங்கள், எடுக்கிற நாள் விடிய வெளியே வையுங்கள். அவ்வளவுதான்.

இனி நான் மனம் கனத்துப் பேசவேண்டிய இடம். வீட்டிலேயே இருக்கிறவர்கள்.

வேலைக்குப் போகிறவனுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் நாடு என்பது வெளியே இருக்கிறது. அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் நாடு என்பது வீடு மட்டும்தான். 2011 டிசம்பரில் சுப்பர் விசா வந்த பிறகு பெற்றோரை அழைப்பது இலேசாயிற்று. 2022 முதல் ஒருமுறை வந்தால் ஐந்து வருடம்வரை தங்கலாம். நல்லது. ஆனால் அழைத்து எங்கே வைத்தோம்? மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற புறநகர்களில், கடைக்குப் போகக் கார் வேண்டிய தெருவில், விடிய ஏழு மணிக்கு எல்லோரும் போய்ப் பின்னேரம் ஆறு மணிக்கு வருகிற வீட்டில். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். ஊரில் படலையைத் திறந்து வைத்தால் தெருவே வீட்டுக்கு வரும்: மீன்காரன், தபால்காரன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கதைக்கிற பக்கத்து வீட்டுக்காரி. இங்கே கதவைத் திறந்து வைத்தால் ஹீற்றிங் காசு போகும் என்று நாங்களே ஏசுகிறோம்.

பல வீடுகளில் நான் கேட்டுப் பார்த்தேன்: அம்மாவிடம் திறப்பு இருக்கிறதா? இல்லை. "அவ எங்க போகப் போறா?" வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. தபால் எடுக்க வெளியே போனால் செருப்போடு பனிக்குள் நிற்கவேண்டி வரும் என்ற பயத்தில் அந்த மனிசி கதவுக்குக் கிட்டவே போவதில்லை. திருட்டு அலாரத்தின் இலக்கமும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் முழு வீட்டையும் வளவையும் ஆட்சி செய்தவர். அவருக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுக்கச் சில டொலர் போதும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோ பஸ்ஸிலிருந்து யோர்க் பிரதேச பஸ்ஸுக்கு மாறுவதற்கு இரண்டாவது கட்டணம் இல்லை. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன, பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். மோலில் விடியப் போய் நடந்து, ஒரு கோப்பியை நாலு பேர் சுற்றி இருந்து குடித்து, ஊர்ப் புதினம் கதைக்கிற எங்கள் வயோதிபர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே தங்கள் தெருவை மீண்டும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கறிவேப்பிலை வளர்க்கிறார். கன்றைப் பெரிய சாடியில் வைத்து, மே மாதத்து விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்த பிறகுதான் வெளியே எடுப்பார். அதற்கு முன் இரவுப் பனி எப்போதும் விழலாம். செப்டெம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் உள்ளே. உள்ளே எடுக்குமுன் ஒவ்வொரு இலையையும் திருப்பி, அடிப்பக்கத்தில் செதிற்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, சவர்க்காரத் தண்ணியில் தோய்த்த துணியால் துடைப்பார். தெற்கு நோக்கிய யன்னலடியில் வைப்பார். ஜனவரியில் இலை எல்லாம் கொட்டி வெறும் தடி நிற்கும். மருமகள் எறியப் பார்ப்பாள். "செத்துப் போகேல்லைப் பிள்ளை, தண்ணிய மட்டும் குறை" என்பார். மார்ச்சில் துளிர்க்கும். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும், அந்த வேலையில் அவருக்கு மேலே ஒருவரும் இல்லை என்ற நிலையும் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லி விட்டுவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளையை வீட்டுக் கிளாக்கராக வைத்திருக்கிறோம். மின்சார பில் வாசிக்க, வங்கிக்கு அடிக்க, டொக்ரரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் பல ஆஸ்பத்திரிகளிலும் அரச அலுவலகங்களிலும் ஏற்பாடு செய்வார்கள். கேளுங்கள். தாயின் நோய் விபரம் பிள்ளையின் வாயால் வரக்கூடாது.

கடைசியாக, எங்கள் தலைமுறை வீட்டை எப்படி வைத்திருந்தது என்பது. எண்பதுகளில் வந்தவர்கள் கட்டில் வாங்கவில்லை. சண்டை முடிந்ததும் திரும்பிப் போவோம், எதற்குக் கட்டில்? சூட்கேஸ் கட்டியபடியே கிடந்தது. நிலத்தில் மெத்தை, சுவரில் நாட்காட்டி. அது குற்றமில்லை, அது நம்பிக்கை. ஆனால் அந்தத் தற்காலிகம் இருபது, இருபத்தைந்து வருடம் நீடித்தது. 2009 மேயில் போர் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் சூட்கேஸ் காலியானது. அடுத்து வந்ததோ அதற்கு நேர்மாறு. மார்க்கத்தில் பெரிய வீடு, முன் ஹோலில் வெள்ளைச் சோபா, அதற்கு மேல் பிளாஸ்ரிக் உறை, குசினியில் கைபடாத புது அடுப்பு. குடும்பம் முழுக்க பேஸ்மென்றில் பழைய சோபாவில் இருந்து ரீவி பார்க்கிறது, சமையலும் கீழே இரண்டாவது குசினியில். வீடு வாங்கியும் பேஸ்மென்றை விட்டு மேலே வராத சனம் நாங்கள்! முதல் வீட்டில் வாழ்க்கையை ஊருக்காக ஒத்திவைத்தோம், இரண்டாவதில் விருந்தாளிக்காக. அந்த உறையைக் கழற்றுங்கள். சோபா ஊத்தையானால் கழுவலாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுக்க அலுவலகங்கள் இருக்கின்றன, ஆங்கிலம் படிப்பிக்க வகுப்புகள் இருக்கின்றன. வீட்டைச் சொல்லிக் கொடுக்க, முதலில் வந்தவர்களாகிய உங்களை விட்டால் ஆளில்லை. இந்தக் குளிர் தொடங்குமுன் உங்களுக்குத் தெரிந்த புதுக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போங்கள். சோறு கறி கொண்டுபோங்கள், அதோடு ஒரு மணித்தியாலம் நின்று தெர்மோஸ்ராற், எக்ஸ்ஹோஸ்ற், அலாரம், பிரேக்கர் பெட்டி, தண்ணீரை அடைக்கிற வால்வு எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே தொட்டுத் திருகிப் பார்க்க வையுங்கள். அப்படி ஒரு குடும்பம் உங்கள் பேஸ்மென்றிலேயே இருந்தால் முதலில் அங்கே போங்கள். போகுமுன் 24 மணித்தியாலத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.